பள்ளித் திடலுக்குச் செல்லும் செய்தியாளர்

பால் வெட்டும் தொழிலில் வேலை மரத்தடியில் தொடங்குவதில்லை. கத்தியின் கூரைச் சோதிப்பதும், மங்குகளைத் துடைத்து வைப்பதும், விடியுமுன் வானத்தைப் பார்த்து மழை வருமா என்று கணிப்பதும் தோட்ட மக்களுக்குப் பழகிப்போன முன்வேலைகள். செய்தித்தாளில் பத்து வரிகளில் வெளிவரும் பள்ளி விளையாட்டுச் செய்திக்குப் பின்னாலும் இத்தகைய முன்வேலை உண்டு. அது எத்தகையது என்பதை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

இதனைத் தோட்டப்புற அன்பர்களுக்கென்று எழுதுவதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, நம் தமிழ் நாளேடுகளுக்கு வட்டாரச் செய்திகளை அனுப்பும் பகுதிநேர நிருபர்களுள் பலர் தோட்டங்களிலும் சிற்றூர்களிலும் வளர்ந்தவர்கள். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் எழுத்தார்வமுள்ள பிள்ளை ஒருவருக்கு இத்துறையில் நுழைவதற்குப் பள்ளி விளையாட்டைவிட எளிய வாயில் வேறில்லை. இரண்டாவது, திடலில் ஓடுகின்ற பிள்ளைகளும் நம் பிள்ளைகளே. அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோதான் அச்சில் ஏறும். அந்த ஒருமுறை பெயரும் எண்ணும் பிழையாக வந்துவிட்டால், அதனைத் திருத்திக்கொள்ள அப்பிள்ளைக்கு மறுவாய்ப்புக் கிட்டுவது அரிது. ஆகவே, செய்தியாளரின் ஆயத்தம் என்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் நீதியாகும்.

பினாங்கின் இரு மரபுகள்

இப்பாடத்தைக் கற்பதற்குப் பினாங்கு மாநிலத்தின் தலைநகராகிய ஜார்ஜ்டவுன் பொருத்தமான ஊர். செய்தித்தாள் மரபும் பள்ளி மரபும் இங்கே நெடுங்காலமாகச் சேர்ந்து வளர்ந்திருக்கின்றன. இந்நாட்டின் முதல் செய்தித்தாள் 1806ஆம் ஆண்டில் இத்தீவில்தான் அச்சாயிற்று. 1903ஆம் ஆண்டில் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ என்னும் ஆங்கில நாளேடும், 1910ஆம் ஆண்டில் ‘குவோங் வா யிட் போ’ என்னும் சீன நாளேடும் இங்குத் தோன்றின. இன்று நாடு முழுவதும் படிக்கப்படும் ‘தி ஸ்டார்’ ஏடும் 1971ஆம் ஆண்டில் பினாங்கு வட்டார ஏடாகவே தொடங்கியது. கோலாலம்பூரில் 1924ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘தமிழ் நேசன்’, 2019ஆம் ஆண்டில் நிற்கும் வரை, தோட்டங்களுக்கும் நகரங்களுக்கும் இடையே செய்திப் பாலமாக விளங்கியது.

பள்ளிகளின் பக்கம் பார்த்தால், 1816ஆம் ஆண்டில் பாதிரியார் ஹட்சிங்ஸ் முயற்சியால் உருவான பினாங்கு ஃப்ரீ ஸ்கூலும், 1852ஆம் ஆண்டில் தொடங்கிய செயின்ட் சேவியர் பள்ளியும் கல்விக்கு மட்டுமின்றி விளையாட்டுக்கும் பெயர் பெற்றவை. நம் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் ஃப்ரீ ஸ்கூலின் பழைய மாணவர். காற்பந்தில் ஆர்வம் மிக்க அவர் பின்னாளில் மலாயாக் காற்பந்துச் சங்கத்துக்கும் ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்துக்கும் தலைமை தாங்கினார். அண்மைக் காலத்தில், ஸ்குவாஷ் வீராங்கனை நிக்கோல் டேவிட் பினாங்கில் பள்ளி மாணவியாக இருந்தபோதே, 1999ஆம் ஆண்டில், உலக இளையோர் பட்டத்தை வென்றார். பின்னர் எட்டு முறை உலக வாகையராகவும் ஆனார். இன்று பள்ளித் திடலில் வெறுங்காலுடன் நிற்கும் பிள்ளை நாளை யாராக உயரும் என்பதை எந்தச் செய்தியாளரும் முன்கூட்டி அறிய முடியாது. எனவே ஒவ்வொரு பிள்ளையையும் ஒரே கவனத்துடன் பதிவு செய்தல் வேண்டும்.

போட்டியின் படிகளை அறிதல்

செய்தியாளர் முதலில் அறிய வேண்டியது, தாம் காணப்போகும் போட்டி எந்தப் படியில் நிற்கிறது என்பதாகும். பள்ளிக்குள் நடைபெறுவது இல்ல விளையாட்டுப் போட்டி. அதில் தேறியவர்கள் பள்ளியின் சார்பில் மாவட்ட நிலைக்குச் செல்கின்றனர். மாவட்டத்தில் தேறியவர்கள் மாநில நிலைக்கும், மாநிலத்தில் தேர்வு பெற்றோர் தேசிய நிலைக்கும் உயர்கின்றனர். தேசியப் போட்டிகளை நடத்துவது எம்.எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசியப் பள்ளிகள் விளையாட்டு மன்றம்.

பினாங்கு மாநிலத்தில் ஐந்து மாவட்டங்கள் உள்ளன. தீவில் வடகிழக்கு, தென்மேற்கு என இரண்டும், பெருநிலத்தில் செபராங் பிறை வடக்கு, மத்தியம், தெற்கு என மூன்றும் இருக்கின்றன. நிபோங் திபால், சுங்கை பாக்காப் பகுதிகளிலுள்ள தோட்டத்துப் பிள்ளைகள் செபராங் பிறை தெற்கு மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். அம்மாவட்ட மாணவி ஒருவர் ஜார்ஜ்டவுனில் நடக்கும் மாநிலப் போட்டியில் நான்காவதாக வந்தால், அவர் ஏற்கெனவே தம் பள்ளியையும் மாவட்டத்தையும் வென்று வந்தவர் என்பதை வாசகர் உணருமாறு எழுத வேண்டும். படியை அறியாத செய்தியாளர், பதக்கம் பெறாதவர் என்று அவரைக் கடந்து சென்றுவிடுவார்.

வயதுப் பிரிவும் இதனைப் போன்றதே. திடல்தடப் போட்டிகளில் 12, 15, 18 வயதுக்குட்பட்டோர் என்ற பிரிவுகள் வழக்கத்தில் உள்ளன. 15 வயதுப் பிரிவில் ஓடும் 13 வயதுச் சிறுவன் தன்னினும் மூத்தவர்களோடு மோதுகிறான். பிரிவைக் குறிப்பிடாமல் நேரத்தை மட்டும் எழுதினால் செய்தி பாதியாகிவிடும்.

ஒரு வாரத்துக்கு முன்

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே பள்ளியோடு தொடர்பு கொள்ளுதல் நலம். முதலில் தலைமையாசிரியரிடம் அனுமதி பெறவேண்டும். பள்ளி வளாகம் பொதுச் சந்தையன்று. உள்ளே செல்வோர் யார், எதற்காக வருகின்றனர் என்பதை அறியும் பொறுப்பு அவருக்கு உண்டு. அடுத்து, விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியரைக் கண்டு நிகழ்ச்சி நிரல், போட்டியாளர் பட்டியல், முந்தைய சாதனைகளின் பட்டியல் ஆகிய மூன்றையும் கேட்டுப் பெறவேண்டும். போட்டி நாளன்று அவ்வாசிரியர் ஒலிபெருக்கிக்கும் முதலுதவிக் கூடாரத்துக்கும் இடையே ஓடிக்கொண்டிருப்பார். அப்போது அவரை நிறுத்திக் கேள்வி கேட்பது அவருக்கும் இடையூறு. நமக்கும் முழுமையான விடை கிடைக்காது.

பட்டியல் கைக்கு வந்தபின் வீட்டில் அமர்ந்து ஒரு குறிப்பேட்டைத் தயார் செய்ய வேண்டும். ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, மேலே போட்டியின் பெயர், பிரிவு, பழைய சாதனை ஆகியவற்றை எழுதிவிட்டு, கீழே போட்டியாளரின் எண், பெயர், பள்ளி, முடிவு என நான்கு கட்டங்கள் போட்டுக்கொள்ளலாம். தோட்டத்துக் கிராணியார் செக்ரோல் புத்தகத்தில் பெயர்களை முன்பே எழுதி வைத்துக்கொண்டு, பெரட்டில் வருகையை மட்டும் குறிப்பதை நாம் அறிவோம். அதே முறை இங்கும் உதவும். காற்பந்து, ஹாக்கி போன்ற குழு ஆட்டங்களாயின், சட்டை எண்ணுக்கு நேரே பெயரை எழுதி வைத்துக்கொண்டால், கோல் விழுந்த கணத்தில் நிமிடத்தையும் எண்ணையும் குறித்தாலே போதும்.

விதியும் எண்ணும்

விளையாட்டு விதிகள் காலந்தோறும் மாறுகின்றன. நம் தந்தையர் ஆடிய பூப்பந்தில், அடிப்பை வைத்திருப்பவர் மட்டுமே புள்ளி பெற இயலும். 2006ஆம் ஆண்டில் ஒவ்வோர் அடிக்கும் புள்ளி தரும் 21 புள்ளி முறை வந்தது. அனைத்துலக ஹாக்கியில் 35 நிமிடங்கள் கொண்ட இரு பாதிகளாக இருந்த ஆட்டம், 2014ஆம் ஆண்டில் 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாயிற்று. பள்ளிப் போட்டிகளில் நேரத்தைக் குறைத்து ஆடுவதும் உண்டு. ஆகவே, ‘எனக்குத் தெரியும்’ என்று இருந்துவிடாமல், இப்போட்டியில் எந்த விதி பின்பற்றப்படுகிறது என்று நடுவரிடம் முன்பே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

எண்ணில் கவனம் ஏன் வேண்டும் என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்று. டாக்டர் மணி ஜெகதீசன் 1966ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றவர். 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக் போட்டியில் 200 மீட்டரை அவர் 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 49 ஆண்டுகள் நிலைத்து நின்றது. 2017ஆம் ஆண்டில் கைருல் ஹஃபிஸ் ஜந்தான் 20.90 வினாடியில் ஓடி அதனை முறியடித்தார். அரை நூற்றாண்டை ஒட்டிய காத்திருப்பு முடிவுக்கு வந்தது ஒரு வினாடியின் நூற்றில் இரண்டு பங்கினால்தான். கடைசி இலக்கத்தைத் தவறாக எழுதும் செய்தியாளர் ஒரு சாதனையை இல்லாமற் செய்யவும், இல்லாத சாதனையை உண்டாக்கவும் கூடும்.

பள்ளித் திடலில் இதற்கெனக் கேட்க வேண்டிய கேள்விகள் சில உள. நேரம் கைக்கடிகாரத்தால் அளக்கப்பட்டதா, மின்கருவியால் அளக்கப்பட்டதா? கையால் அளந்த நேரம் பத்தில் ஒரு பங்கு வரையிலும், மின்கருவி நேரம் நூற்றில் ஒரு பங்கு வரையிலும் எழுதப்படும். கையால் அளந்த 11.2 என்பதை 11.20 என்று எழுதுவது தவறு. இரண்டையும் அப்படியே ஒப்பிடுவதும் தவறு. 100 மீட்டர், 200 மீட்டர், நீளத் தாண்டுதல் போன்றவற்றில் காற்று பின்னாலிருந்து வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் வீசினால், வெற்றி செல்லும். ஆனால் சாதனையாகக் கொள்ளப்படாது. அஞ்சல் ஓட்டத்தில் குறுந்தடி குறிக்கப்பட்ட எல்லைக்குள் கைமாற வேண்டும். முதலாவதாக வந்த குழு இதனால் நீக்கப்படுவதும் உண்டு. ஆகவே, கரவொலியைக் கேட்டவுடன் முடிவை எழுதிவிடாமல், அதிகாரப்பூர்வமான தாள் வெளிவரும் வரை பொறுத்திருத்தல் வேண்டும்.

பெயரில் பிழை கூடாது

தமிழில் எழுதும் செய்தியாளருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. முடிவுப் பட்டியல்கள் ரோமன் எழுத்தில் இருக்கும். அதில் குறில் நெடில் வேறுபாடு தெரியாது. ல, ழ, ள வேறுபாடும் தெளிவாக இராது. ஒரே எழுத்துக்கூட்டலை ஒருவர் ‘கலை’ என்றும், மற்றொருவர் ‘காளை’ என்றும் படிக்க இடமுண்டு. ‘வள்ளி’ என்ற பெண் ‘வாலி’ ஆகிவிட்டால், பெற்றோர் அந்தத் தாளை எப்படி எடுத்து வைப்பார்கள்? பிள்ளையிடமே குறிப்பேட்டை நீட்டி, “உன் பெயரையும் அப்பா பெயரையும் தமிழில் எழுது, தம்பி” என்று கேட்பது ஒரு நிமிட வேலை. தமிழில் எழுதத் தெரியாத பிள்ளையாயின் உரக்கச் சொல்லச் சொல்லிக் கேட்கலாம்.

பிறப்புச் சான்றிதழில் உள்ள ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்பவை முறையே மகன், மகள் என்று பொருள்படும் மலாய்ச் சுருக்கங்கள். அவற்றை எழுத்து முதல்களாகக் கருதிப் பெயரோடு சேர்த்துவிடக் கூடாது. சீனப் பெயர்களில் குடும்பப் பெயர் முதலில் வரும். மலாய்ப் பெயர்களில் ‘பின்’, ‘பிந்தி’ என்பதற்குப் பின் வருவது தந்தையின் பெயர். அதனைக் கொண்டு மாணவரைச் சுட்டுதல் பிழை. எல்லா இனத்துப் பிள்ளைகளின் பெயரையும் முறையாக எழுதுவது அவர்களின் குடும்பத்துக்கு நாம் காட்டும் மரியாதை.

இங்கே மற்றொன்றையும் சொல்ல வேண்டும். தமிழ் ஏட்டுக்கு எழுதுபவர் தமிழ்ப் பிள்ளைகளின் வெற்றியை விரிவாகத் தருவது இயல்பே. வாசகர் அதனை எதிர்பார்க்கின்றனர். ஆனால் 11 பேர் ஆடிய ஆட்டத்தில் இருவரின் பெயரை மட்டும் எழுதினால் ஆட்டம் எவ்வாறு வெல்லப்பட்டது என்பது விளங்காது. கோல் அடித்தவருக்குப் பந்தைக் கொடுத்தவர் யார், கடைசி நிமிடத்தில் அதனைத் தடுத்தவர் யார் என்பனவும் செய்தியே. குழுவைக் குழுவாகக் காட்டுவதே உண்மையைக் காட்டுவதாகும்.

திடலில் காண வேண்டியவை

போட்டி நாளன்று, தொடங்கும் நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகச் சென்றுவிடுதல் நன்று. பெருநிலத்திலிருந்து தீவுக்குச் செல்வோர் பட்டர்வொர்த் படகுத்துறை வழியாகவோ, 1985ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பினாங்குப் பாலத்தின் வழியாகவோ செல்லலாம். இரண்டிலும் காலை நேர நெரிசல் உண்டு. போட்டி ஜார்ஜ்டவுன் சிட்டி ஸ்டேடியத்திலா, 2000ஆம் ஆண்டு சுக்மா போட்டியின்போது திறக்கப்பெற்ற பத்து காவான் மாநில அரங்கிலா, பள்ளித் திடலிலா என்பதை முதல் நாளே உறுதி செய்துகொள்க. திரும்பும் பேருந்தின் நேரத்தையும் அறிந்துகொள்க. பென்சில் இரண்டு, குறிப்பேடு, குடை, தண்ணீர், மின்னூட்டிய கைப்பேசி ஆகியவை போதும். மழையில் பேனா மை கரையும். பென்சில் எழுத்து நிற்கும்.

எண்களைக் குறிப்பதோடு கண்ணால் கண்டதையும் குறிக்க வேண்டும். ‘மாணவர்கள் சிறப்பாக ஓடினர்’ என்று எழுதினால் அதில் ஓட்டமும் இல்லை, மாணவரும் இல்லை. ‘வளைவில் மூன்றாவதாக இருந்த மாணவி, கடைசி 50 மீட்டரில் இருவரையும் முந்தினார்’ என்று எழுதினால், திடலுக்கு வர இயலாத பெற்றோரும் ஓட்டத்தைக் காண்பர். காலையில் பால் வெட்டுக்கும் பிற்பகலில் வீட்டு வேலைக்கும் இடையே, பிள்ளையின் ஓட்டத்தைக் காண ஒரு நாள் விடுப்பு எடுக்க முடியாத தாய் தந்தையர் எத்தனை பேர் என்பதை இவ்விதழின் வாசகர்கள் நன்கறிவர். அவர்களின் கண்ணாக நிற்பவரே செய்தியாளர்.

செய்தியை எழுதும்போது முதற்பத்தியில் யார் வென்றார், எதில், எங்கே, எந்தப் பிரிவில், என்ன நேரத்தில் அல்லது எத்தனை கோல்களில் என்பனவற்றைச் சொல்லிவிட வேண்டும். ஆட்டத்தின் போக்கும் பயிற்றுநர், மாணவர் கூற்றும் அதன்பின் வரும். ஏட்டில் இடம் குறைந்தால் ஆசிரியர் கீழிருந்து வெட்டுவார். முக்கியமானதைக் கடைசியில் வைப்பவர் அதனை இழப்பார்.

இவர்கள் பிள்ளைகள்

பள்ளி விளையாட்டை எழுதுவோர் ஒருபோதும் மறக்கலாகாதது இது. தொழில்முறை ஆட்டக்காரர் சம்பளம் பெற்று ஆடுகிறார். விமர்சனத்தைத் தாங்குவது அவர் தொழிலின் ஒரு பகுதி. 15 வயது மாணவன் மறுநாள் காலை அதே வகுப்பறையில் போய் அமர வேண்டியவன். அவன் தண்டனை உதையைத் தவறவிட்டிருந்தால், ‘பெனால்டி கோலாகவில்லை’ என்று நடந்ததைச் சொல்லலாம். ‘இவனால் பள்ளி தோற்றது’ என்று தீர்ப்புக் கூற நமக்கு உரிமையில்லை.

ஒரு பிள்ளை காயமுற்றால், மருத்துவர் சொல்லாத நோயை நாம் சொல்லக் கூடாது. பெற்றோருக்குத் தகவல் எட்டுமுன் கைப்பேசியில் படத்தைப் பரப்புவது கொடுமை. மாணவியரின் படங்களை எடுக்கும்போதும் தேர்ந்தெடுக்கும்போதும், அப்படத்தைத் தம் குடும்பத்தார் முன் அவர் நாணமின்றிக் காட்ட முடியுமா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். திடலில் கைகலப்பு ஏற்பட்டு அது காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் செல்லுமாயின், 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டத்தை நினைவிற் கொள்க. அதன்படி, வழக்கில் தொடர்புடைய 18 வயதுக்குட்பட்டவரை அடையாளம் காட்டும் பெயர், முகவரி, பள்ளி, படம் ஆகியவற்றை வெளியிடுதல் குற்றமாகும்.

தோட்டத்திலிருந்து தொடங்குவோம்

இத்துறையில் பழகுவதற்கு நகரத்துப் பெரிய அரங்கு வேண்டியதில்லை. அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியின் விளையாட்டுப் போட்டியே முதற்பாடம். எழுத்தார்வமுள்ள பிள்ளை அங்கே ஒரு குறிப்பேட்டுடன் நின்று, மேலே சொன்னபடி கட்டங்கள் போட்டு, ஒவ்வோர் ஓட்டத்தையும் எழுதிப் பார்க்கட்டும். மாலையில் அதனைப் பத்து வரிச் செய்தியாக்கி, பள்ளி ஆசிரியரிடம் காட்டி, முடிவுத் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். தொடர்ந்து சில போட்டிகளில் இவ்வாறு எழுதியவர் நாளேட்டின் வட்டார நிருபரை அணுகத் தயங்க வேண்டியதில்லை.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். செய்தித்தாளில் வந்த துண்டைப் போற்றி வைப்பது நல்லதே. ஆனால் அதனினும் முக்கியமாகப் பள்ளி தரும் சான்றிதழைப் பத்திரப்படுத்துக. அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான மதிப்பீட்டில் 90 விழுக்காடு கல்விக்கும், 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கும் உரியது. செய்தித் துண்டு அதற்குச் சான்றாகாது. சான்றிதழில் பெயர் பிழையாக இருந்தால், ஆண்டு முடியுமுன் பள்ளியிடம் சொல்லித் திருத்தி வாங்கிக்கொள்க.

பேராக் மாநிலத்தின் தாப்பாவில் பிறந்த எம். இராஜமணி, 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடி, 1966ஆம் ஆண்டு ஆசியப் போட்டியில் 400 மீட்டர் தங்கத்தை வென்று, அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனையாகத் தேர்வு பெற்றார். அவருடைய ஓட்டத்தை நேரில் காணாத நாம் இன்றும் அதனைச் சொல்ல முடிவதற்குக் காரணம், அன்று யாரோ சிலர் திடலோரம் நின்று பெயரையும் எண்ணையும் பிழையின்றி எழுதி வைத்ததே. அடுத்த முறை உங்கள் பகுதிப் பள்ளியில் விளையாட்டுப் போட்டி நடக்கும்போது, ஓடத் தெரிந்த பிள்ளையை ஓட அனுப்புங்கள். எழுதத் தெரிந்த பிள்ளையின் கையில் ஒரு குறிப்பேட்டையும் இரண்டு பென்சிலையும் கொடுத்தனுப்புங்கள்.